பரணில் கிடக்கும் கம்ப்யூட்டரும் ஒன்பது வோல்ட் பேட்டரியும்



நமது படிப்பகத்தின் பின்னறையில் ஞாயிறுதோறும் அஸருக்குப் பிறகு நடக்கும் கைத்தொழில் வகுப்பைப் பற்றிப் பல வீடுகளிலிருந்தும் விசாரிக்கிறார்கள். பிள்ளைகள் அங்கே என்னதான் செய்கிறார்கள், வீடு திரும்பும்போது சட்டையில் ஏன் சாம்பிராணி போலப் புகை வாசனை அடிக்கிறது, காயலான் கடையில் போட வேண்டியதையெல்லாம் ஏன் அலமாரியில் அடுக்கி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார்கள். இதற்குப் பதிலாகவும், வீட்டிலேயே இந்த வேலையைத் தொடங்க நினைக்கும் குடும்பங்களுக்கு ஒரு பாடமாகவும் இதை எழுதுகிறோம்.

முதலில், எங்கள் கையால் நடந்த தவறைச் சொல்லிவிடுகிறோம். அதை மறைத்துவிட்டு மற்றதை எழுதுவது சரியாகாது.

ஒரு பள்ளிக்கூடம் பழைய சாமான்களை எடைக்குப் போட்டபோது, வாங்கிய கடைக்காரரிடமிருந்து ஒரு கம்ப்யூட்டரை நாங்கள் எடை விலைக்கே வாங்கினோம். வெளிர் மஞ்சள் நிறப் பெட்டி, மேல் வரிசையில் சிவப்புப் பொத்தான்கள், உள்ளே பல வருடத் தூசி. பெயர் பிபிசி மைக்ரோ. கொண்டு வந்த அன்றே ஆசை தாங்கவில்லை. துடைத்தோம், பிளக்கைச் சொருகினோம், சுவிட்சைப் போட்டோம். ஒரு நீண்ட ‘பூ’ என்ற ஓசை கேட்டது. பிள்ளைகள் கைதட்டினார்கள். ஐந்து நிமிடம் கூட ஆகியிருக்காது, பெட்டிக்குள் படாரென்று ஒரு வெடிச்சத்தம். வெள்ளைப் புகை குபுகுபுவென்று வந்து அறையை நிரப்பியது. பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் அப்போது பெட்டியின் மீது குனிந்துகொண்டிருந்தான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் ஆகியிருக்கக்கூடும்.

மூன்று வாரம் எந்தப் பிள்ளையும் வரவில்லை. அந்தப் பையனின் உம்மா படிப்பகத்துக்கு நேரில் வந்து, “கம்ப்யூட்டர் பழுதானால் சரிபண்ணலாம், என் பிள்ளை பழுதானால் யார் சரிபண்ணுவது?” என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. வகுப்பை மறுபடி தொடங்க அவரே ஒரு நிபந்தனை வைத்தார். முதல் ஆறு வாரம் பிள்ளைகள் சுவர் பிளக்கின் பக்கமே போகக்கூடாது, அந்த ஆறு வாரமும் தாம் வாசலருகே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்ப்பேன் என்றார். தம்பியோடு பத்தாம் வகுப்புப் படிக்கும் அக்காளையும் அழைத்து வந்தார். அந்த நிபந்தனையே இன்று எங்கள் பாடத்திட்டம். நீங்களும் வீட்டில் அதே வரிசையில் போக வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.

முதல் ஆறு வாரம்: பேட்டரி மட்டும்

ஒன்பது வோல்ட் பேட்டரியைக் கையால் தொட்டால் ஒன்றும் செய்யாது. அதை வைத்துக்கொண்டு மின்னணுவியலில் பாதிக்கு மேல் கற்றுக்கொள்ளலாம். எங்கள் பிள்ளைகள் முதலில் செய்தது தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் கூவும் அலாரம். மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்து போவதும், மாடியிலிருந்து தண்ணீர் அருவியாகக் கொட்டுவதும் நம் தெருவில் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ஆகவே இதைச் செய்யும் பிள்ளைக்கு வீட்டில் உடனே மரியாதை கிடைக்கிறது.

தேவையானவை மிகச் சொற்பம்: ஒரு ஒன்பது வோல்ட் பேட்டரி, அதன் கிளிப், பிசி 547 என்ற டிரான்சிஸ்டர் ஒன்று, ஒரு கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று (பழுப்பு, கறுப்பு, சிவப்பு என்று வளையம் இருக்கும்), பேட்டரியில் கூவும் சிறிய பஸ்ஸர் ஒன்று, தேவையான நீளத்துக்கு இரட்டை வயர், துருப்பிடிக்காத ஸ்டீல் திருகாணி இரண்டு.

டிரான்சிஸ்டரின் தட்டையான முகம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கும்படி பிடியுங்கள். இடமிருந்து வலமாக கலெக்டர், பேஸ், எமிட்டர். எமிட்டர் காலைப் பேட்டரியின் கறுப்பு வயரோடு சேர்க்க வேண்டும். பஸ்ஸரின் சிவப்பு வயர் பேட்டரியின் சிவப்போடு, அதன் கறுப்பு வயர் கலெக்டரோடு. இனி இரட்டை வயரில் ஒன்றைப் பேட்டரியின் சிவப்போடும், மற்றொன்றை ஒரு கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக பேஸ் காலோடும் சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது. வயரின் மறுமுனைகளில் ஸ்டீல் திருகாணிகளை இணைத்து, தொட்டியின் மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே, இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் ஒரு விரற்கடை தள்ளிப் பொருத்துங்கள்.

தண்ணீர் ஏறி இரண்டு திருகாணிகளையும் நனைத்ததும் தண்ணீர் வழியாக மிகச் சிறிய மின்னோட்டம் பேஸுக்குள் போகிறது. அது பஸ்ஸரைக் கூவ வைக்கப் போதாது. ஆனால் அந்தச் சிறிய ஓட்டம் கிடைத்ததும் டிரான்சிஸ்டர் அதைப்போல் நூறு மடங்குக்கு மேல் பெரிய ஓட்டத்தைக் கலெக்டர் வழியே திறந்துவிடுகிறது. மதகின் திருகைச் சிறு பையன் ஒருவன் திருப்ப, கால்வாய் நிறையத் தண்ணீர் பாய்வது மாதிரி. கம்ப்யூட்டருக்குள் இருப்பதும் இதே மதகுகள்தாம், எண்ணிக்கைதான் வேறு.

திருகாணிக்குப் பதிலாகச் செம்புக் கம்பியையே நீரில் விட்டால் சில வாரங்களில் பச்சை பிடித்து அரித்துப் போகும். ஒரு வீட்டில் அப்படித்தான் ஆயிற்று. ஒரு மாதம் கழித்து அலாரம் ஊமையாகிவிட்டது. வடிகட்டிய தண்ணீர் மின்சாரத்தைக் கடத்துவது குறைவு என்பதால் அதில் ஓசை மெலிவாக வரலாம். அங்கே இன்னொரு பிசி 547-ஐச் சேர்த்து முதலாவதன் எமிட்டரை இரண்டாவதன் பேஸில் கொடுத்து, இரண்டு கலெக்டரையும் சேர்த்துவிட்டால் சரியாகும். இது எப்போதும் பேட்டரியில்தான் ஓட வேண்டும். போன் சார்ஜரில் ஓட்டலாமே என்று புத்திசாலிப் பிள்ளை கட்டாயம் கேட்பான். மட்டமான சார்ஜர் உள்ளே பழுதானால் வீட்டு மின்சாரம் தொட்டித் தண்ணீருக்கே வந்துவிடும். அந்தத் தண்ணீரில்தான் நாம் குளிக்கிறோம், ஒளுச் செய்கிறோம்.

கருவிகளில் இரண்டு மட்டும் நல்லதாக வாங்குங்கள்: 25 வாட் சால்டரிங் அயன் ஒன்று, டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று. ஈயக் கம்பியில் பெரும்பாலும் உண்மையாகவே ஈயம் இருக்கிறது. வாயில் கடித்துப் பிடிக்கும் பழக்கம் கூடாது. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே எதையும் சாப்பிட வேண்டும். புகை முகத்துக்கு நேரே வராமல் ஜன்னலைத் திறந்து வையுங்கள். தவழும் குழந்தை இருக்கும் அறையில் இந்த வேலையே வேண்டாம்.

பழைய கம்ப்யூட்டர் எதற்கு?

இது எல்லோரும் கேட்கும் கேள்வி. கையிலிருக்கும் போன் இதைவிடப் பல்லாயிரம் மடங்கு வேகமானது. ஆனால் போனைத் திறந்தால் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. கறுப்பு வில்லைகள், கண்ணுக்குத் தெரியாத கால்கள். பழைய கம்ப்யூட்டரில் ஒவ்வொரு சில்லும் தனியாக உட்கார்ந்திருக்கிறது. இது கணக்குப் போடுவது, இது நினைவு வைத்துக்கொள்வது, இது திரைக்குப் படம் அனுப்புவது என்று விரலால் தொட்டுக் காட்டலாம். காலுக்குக் கால் இரண்டரை மில்லிமீட்டர் இடைவெளி. சாதாரண அயனாலேயே கழற்றி மாட்டலாம். முழு சர்க்யூட் வரைபடமும் கிடைக்கிறது.

பிபிசி மைக்ரோவுக்கு நம் நாட்டோடும் ஓர் உறவு உண்டு. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஏக்கார்ன் என்ற நிறுவனம் இதை 1981 இறுதியில் வெளியிட்டது. பிபிசி தொலைக்காட்சி, மக்களுக்குக் கம்ப்யூட்டர் கற்பிக்கும் நிகழ்ச்சிக்காகக் கேட்டு வாங்கிய இயந்திரம் என்பதால் அந்தப் பெயர். நினைவகம் 32 கிலோபைட். இன்று போனில் எடுக்கும் ஒரு போட்டோவுக்குக்கூட அது போதாது. 1984-ல் இந்திய அரசு பள்ளிகளில் கம்ப்யூட்டர் அறிமுகத்துக்காக ‘கிளாஸ்’ என்ற திட்டத்தைத் தொடங்கியபோது இந்த இயந்திரத்தையே தேர்ந்தெடுத்தது. முதலில் ஏறத்தாழ 250 பள்ளிகள். பின்னர் மொஹாலியிலிருந்த செமிகண்டக்டர் காம்ப்ளக்ஸ் நிறுவனம் உரிமம் பெற்று ‘யூனிகார்ன்’ என்ற பெயரில் இங்கேயே செய்தது. இன்று ஐம்பது வயதைத் தாண்டிய சிலர் வாழ்க்கையில் முதன்முதலாகத் தொட்ட விசைப்பலகை இதுவாக இருக்கலாம்.

பிள்ளைகளுக்கு நாங்கள் விரும்பிச் சொல்வது இன்னொன்று. இந்தக் கம்ப்யூட்டரை வடிவமைத்தவர்களில் சோஃபி வில்சன், ஸ்டீவ் ஃபர்பர் இருவரும் அடுத்து ஒரு புதிய செயலியை வடிவமைத்தார்கள். 1985 ஏப்ரலில் முதல் சில்லு வேலை செய்தது. அதைச் சோதிக்கப் பயன்பட்டதும் பிபிசி மைக்ரோதான். அந்தச் செயலியின் பெயர் ஆர்ம். இன்று உங்கள் போனுக்குள் இருப்பது அதன் வழித்தோன்றல். எடைக்கு வாங்கிய இந்தப் பெட்டி நம் சட்டைப்பையில் இருப்பதன் பாட்டனார் என்று சொன்னால் பிள்ளைகள் அதைத் தொடும் விதமே மாறிவிடுகிறது.

வெடித்தது எது?

எங்கள் வகுப்புக்கு முப்பதாண்டு டிவி மெக்கானிக்காக இருந்த காக்கா ஒருவர் வருகிறார். வெடித்த பெட்டியை அவர்தாம் திறந்தார். கம்ப்யூட்டருக்குள் மின்சாரத்தை ஐந்து வோல்ட்டாக மாற்றும் பவர் சப்ளை தனி உலோகப் பெட்டியில் இருக்கிறது. அதில் மின்கம்பி நுழைந்ததுமே, தேன்நிறத்தில் ஒளி ஊடுருவும் சிறு கட்டியாக ஒரு கண்டென்சர். மின்சாரத்தில் வரும் இரைச்சலை வடிகட்டுவது அதன் வேலை. காகிதத்தில் உலோகம் பூசிச் சுருட்டிப் பிசினில் வார்த்திருப்பார்கள். வருடங்கள் ஓட ஓட அந்தப் பிசின் மயிரிழை மயிரிழையாக வெடிக்கிறது. விரிசல் வழியே ஈரம் காகிதத்துக்குள் இறங்குகிறது. நம் ஊர்க் கடற்காற்றுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பல வருடம் சும்மா கிடந்ததை ஒருநாள் 230 வோல்ட்டில் மாட்டினால் உள்ளே சூடேறிச் சில நிமிடங்களில் வெடிக்கிறது. அந்தக் காலத்துப் பல கம்ப்யூட்டர்களிலும் பிரிண்டர்களிலும் இதே வகைக் கண்டென்சர் உண்டு. அதாவது எங்களுக்கு நேர்ந்தது துரதிர்ஷ்டமல்ல, அறியாமை. பிளக்கைச் சொருகும் முன் மூடியைத் திறந்து பார்த்திருந்தால் விரிசல் கண்ணுக்கே தெரிந்திருக்கும்.

மாற்றும்போது அதே அளவுள்ளதாக, ‘எக்ஸ் 2’ என்று அச்சிட்ட பாதுகாப்பு வகைக் கண்டென்சரையே போட வேண்டும். கடையில் “இதுவும் அதேதான்” என்று சாதாரணக் கண்டென்சரைக் கொடுப்பார்கள். வாங்காதீர்கள். எக்ஸ் 2 வகை, பழுதானாலும் தீப்பிடிக்காதபடி சோதிக்கப்பட்டது.

இனிச் சொல்வது பெரியவர்களுக்கு மட்டும். பவர் சப்ளைக்குள் பெரிய உருளைக் கண்டென்சர் ஒன்று இருக்கும். பிளக்கைக் கழற்றிய பிறகும் அதில் 325 வோல்ட் வரை தங்கியிருக்கலாம். 230 வோல்ட்டை நேர்மின்னாக மாற்றினால் உச்சம் அவ்வளவு. அது கையைத் தூக்கி அடிக்கும், ஆளையும் கொல்லும். பிளக்கைக் கழற்றிப் பத்து நிமிடம் காத்திருங்கள். மல்டிமீட்டரை டிசி 1000 வோல்ட்டில் வைத்து அளங்கள். வோல்ட் இருந்தால், ஹோல்டரில் மாட்டிய 60 வாட் குண்டு பல்பின் இரண்டு வயரையும் காப்பிட்ட குச்சிகளால் தொடவைத்து இறக்குங்கள். ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் செய்து பொறி பறக்க விடுவது சில மெக்கானிக்குகளின் வழக்கம். காக்காவே வாலிபத்தில் அப்படிச் செய்தவர்தாம். அவருடைய வலது கட்டைவிரலில் இருக்கும் தழும்பைப் பிள்ளைகளுக்குக் காட்டுகிறார். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

மூடிய பிறகு முதல் முறை மின்சாரம் கொடுக்கும்போது சீரிஸ் போர்டு வழியாகக் கொடுங்கள். பழைய மெக்கானிக் கடை எல்லாவற்றிலும் இது இருக்கும். மின்சாரம் முதலில் ஒரு குண்டு பல்பு வழியாகப் போய்ப் பிறகுதான் இயந்திரத்துக்குப் போகும். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், வேறொன்றும் ஆகாது. நன்றாக இருந்தால் ஒருகணம் பளிச்சிட்டு மங்கிவிடும். எல்இடி பல்பு இதற்கு உதவாது. இந்த வகை பவர் சப்ளையைச் சுமையே இல்லாமல் ஓட்டுவது நல்லதல்ல என்பதால் ஐந்து வோல்ட் பக்கத்தில் பைக்கின் 12 வோல்ட் ஹெட்லைட் பல்பு ஒன்றை மாட்டினோம். மங்கலாக எரிந்தது. அளந்ததில் 5.05 வோல்ட். வாசலில் இருந்த உம்மா அன்றுதான் ஸ்டூலை உள்ளே நகர்த்திப் போட்டார்.

வீட்டில் இந்த வேலை செய்ய நினைப்பவர்கள் அதற்கு முன் எலக்ட்ரீஷியனை அழைத்து, எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று போட்டுக்கொள்வது மிக அவசியம். கம்ப்யூட்டர் வாங்குகிறீர்களோ இல்லையோ, இதைச் செய்யுங்கள்.

குற்றவாளி யார்?

பவர் சப்ளை சரியானது. கம்ப்யூட்டரோ சரியாகவில்லை. இந்த இயந்திரம் நலமாக இருந்தால் சுவிட்சைப் போட்டதும் தாழ்ந்த ‘பூ’, உடனே உயர்ந்த ‘பீப்’ என்று இரண்டு ஓசை வரும். எங்களுடையது ‘பூ’விலேயே நின்று அலறிக்கொண்டிருந்தது. செயலி தன் வேலையைத் தொடங்கவே இல்லை என்பது அதன் பொருள். நாங்கள் முதல் நாள் கைதட்டி மகிழ்ந்த ஓசை உண்மையில் நோயின் ஓசை.

பையன்கள் உடனே சென்னை ரிச்சி தெருவிலிருந்து புதுச் சில்லுகள் வாங்கிவரச் சொன்னார்கள். எந்தச் சில்லு என்று கேட்டால் ஆளுக்கொன்று சொன்னார்கள். காசு செலவழித்து ஊகம் செய்வது இந்தப் பொழுதுபோக்கின் பெரிய வியாதி. பெரியவர்களுக்கும் உண்டு.

முதலில் சுத்தம் செய்யச் சொன்னோம். சாக்கெட்டில் உட்கார்ந்திருக்கும் சில்லுகளை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்து, கறுத்த கால்களைத் துடைத்து, எந்தப் பக்கம் பார்த்து இருந்ததோ அந்தப் பக்கமே மாட்ட வேண்டும். எடுக்கும் முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் குழப்பம் வராது. துடைப்பதற்கு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால். பெயரைக் கேட்டதும் ஒரு வாப்பா முகம் சுளித்தார். இது அருந்தும் பொருளல்ல, அருந்தினால் நஞ்சு, ஊசி போடும் முன் நர்ஸ் பஞ்சில் துடைக்கிறாரே, பல ஆஸ்பத்திரிகளில் இதுதான் என்று சொன்னதும் சமாதானமானார். எளிதில் தீப்பற்றும், ஆகவே சூடான அயன் பக்கத்தில் இருக்கக்கூடாது. மேஜை மரமாக இருக்கட்டும். பாலியஸ்டர் துணி தவிர்த்துப் பருத்தி உடுத்தியிருப்பது நல்லது. சில்லைத் தொடும் முன் எர்த் ஆன உலோகத்தை ஒருமுறை தொட்டுக்கொள்ள வேண்டும். நம் உடம்பில் சேரும் நிலைமின் நமக்குத் தெரியாமலே சில்லைக் கொன்றுவிடும்.

சுத்தம் செய்தும் அலறல் நிற்கவில்லை. அப்போதுதான் அந்தப் பத்தாம் வகுப்புப் பிள்ளை மல்டிமீட்டரை எடுத்தாள். ஐந்து வோல்ட் பவர் சப்ளையிலிருந்து போர்டுக்கு மூன்று சிவப்பு வயர்களில் வருகிறது. ஒவ்வொன்றும் தகட்டு லக் மூலம் போர்டில் சொருகியிருக்கும். பவர் சப்ளையின் பெட்டி மூடியிருப்பதால் இந்தப் பக்கம் ஐந்து வோல்ட் மட்டுமே, பிள்ளைகள் அளக்கலாம். வயரில் அளக்காமல், லக் சொருகியிருக்கும் போர்டின் ஈயத்தில் மூன்று இடத்திலும் அவள் அளந்தாள். 5.0, 5.0, 4.3.

ஏன் போர்டில் அளந்தாய் என்று கேட்டோம். “பவர் சப்ளை கொடுத்ததை நேத்தே பார்த்தாச்சு. போர்டுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று யாருமே பார்க்கலையே” என்றாள்.

இந்தச் சில்லுகளுக்கு 4.75-க்குக் குறையக்கூடாது, 5.25-ஐத் தாண்டக்கூடாது. மீதி 0.7 வோல்ட் எங்கே போனது? மீட்டரின் ஒரு முனையை வயரிலும் மறுமுனையைப் போர்டிலும் வைத்தபோது அந்த 0.7 அப்படியே காட்டியது. லக்கைத் தொட்டால் இளஞ்சூடு. கழற்றிப் பார்த்தால் உள்ளே கறுப்பும் பச்சையுமாக அரிப்பு. ஏறத்தாழ ஓர் ஆம்பியர் ஓடுகிறதென்று வைத்துக்கொண்டால், 0.7 வோல்ட் இழப்பு என்பது அந்த இணைப்பில் 0.7 ஓம் தடை இருக்கிறது என்று அர்த்தம். பாடப்புத்தகத்தில் மனப்பாடம் செய்த ஓம் விதியை அவள் தம்பிக்கு அங்கேயே கணக்குப் போட்டுக் காட்டினாள். மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, ஆல்கஹாலில் துடைத்து, லக்கைக் குறடால் லேசாக நெருக்கிச் சொருகினோம். செலவு ஒன்றுமில்லை.

பூ, பீப்.

படிப்பகத்தின் பழைய டிவியில் கறுப்பு வெள்ளையில் எழுத்து வந்தது: பிபிசி கம்ப்யூட்டர் 32கே, அதன் கீழே பேசிக், அதன் கீழே நம் கட்டளைக்காகக் காத்திருக்கும் அம்புக்குறி. ஏதோ திறக்கட்டும் என்று நாம் காத்திருக்க வேண்டியதில்லை. அதுதான் நமக்காகக் காத்திருக்கிறது.

இந்த இயந்திரத்தின் பின்புறம் ‘அனலாக் போர்ட்’ என்று ஓர் இணைப்பு உண்டு. அதிலே வெளிப்பொருளை மாட்டி அதன் வோல்ட்டை அளக்கலாம். ஒரு வால்யூம் கண்ட்ரோலின் இரு ஓரக் கால்களை அந்த இணைப்பிலுள்ள 1.8 வோல்ட் முனைக்கும் கிரவுண்டுக்கும், நடுக்காலை முதல் சேனலுக்கும் கொடுத்தோம். பிரிண்ட், அட்வால், அடைப்புக்குறிக்குள் 1 என்று எழுதினால் குமிழ் இருக்கும் இடம் ஓர் எண்ணாகத் திரையில் வருகிறது. குமிழைத் திருப்பத் திருப்ப அது பூஜ்யத்திலிருந்து 65,520 வரை ஏறுகிறது. வாசல் உம்மா வந்து தாமே திருப்பிப் பார்த்தார். பையன் இப்போது ஒரு பிளாஸ்டிக் மிதவையை அந்தக் குமிழோடு கம்பியால் இணைத்து, பக்கெட் தண்ணீர் எத்தனை அங்குலம் என்று திரையில் காட்ட முயன்றுகொண்டிருக்கிறான். கம்பி சிக்கிக்கொள்கிறது. இன்னும் சரியாகவில்லை.

உங்கள் வீட்டுப் பரணில்

நம் ஊர் வீடுகளில் பிபிசி மைக்ரோ இருக்க வாய்ப்புக் குறைவு. சபுராளிகள் தொண்ணூறுகளில் கொண்டு வந்த 386, 486 கம்ப்யூட்டர்கள்தாம் இருக்கும். அவற்றைச் சுவரில் மாட்டிப் பார்க்காதீர்கள். முதலில் மூடியைக் கழற்றி, மதர்போர்டில் நீலமோ பச்சையோ பிளாஸ்டிக் சுற்றிய உருளைப் பேட்டரி இருக்கிறதா என்று பாருங்கள். கடிகாரம் நிற்காமல் ஓட வைத்த பேட்டரி அது. வருடங்கள் ஆனால் காரம் கசிந்து சுற்றியுள்ள செம்புத் தடங்களைத் தின்றுகொண்டே போகும். இருந்தால் உடனே வெட்டி எடுங்கள். பச்சை படிந்த இடத்தை அடுப்படி வினிகரில் நனைத்த பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசி, ஆல்கஹாலில் துடைத்து, இரண்டு நாள் உலர விடுங்கள். கண்ணில் தெறிக்காமல் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

பெரிய பிக்சர் டியூப் மானிட்டரை மட்டும் ஒருபோதும் திறக்க வேண்டாம். வண்ண மானிட்டரில் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் உண்டு, அணைத்த பின்னும் டியூபில் தங்கும். காக்கா எங்களுக்கே அதைக் கற்றுத் தர மறுத்துவிட்டார்.

சரிபண்ண முடியாதவற்றை என்ன செய்வது? ஊருக்கு வெளியே வயரைக் கொளுத்திச் செம்பு எடுப்பவர்களிடம் போய்ச் சேர விடாதீர்கள். அந்தப் புகை அடுத்து அடிக்கும் காற்றில் நம் வீட்டுக்கே வருகிறது. கொளுத்துகிறவரும் பெரும்பாலும் நமக்குத் தெரிந்த வீட்டுப் பிள்ளைதான். மின்னணுக் கழிவுக்கென்று 2023 ஏப்ரல் முதல் புதிய விதிகள் நடைமுறையில் உள்ளன. அனுமதி பெற்ற நிறுவனங்களிடம்தான் கொடுக்க வேண்டும். பழைய போர்டுகளைப் படிப்பகத்தில் கொடுத்தால், பிள்ளைகள் கழற்றிப் பழகியது போக மிச்சத்தை நாங்கள் சேர்த்து அனுப்பிவிடுகிறோம். ஹார்ட் டிஸ்கில் குடும்பப் படங்கள், கணக்கு வழக்கு இருந்தால் முதலில் அதைச் சொல்லுங்கள். வெளியே எடுத்துத் தந்த பிறகே மற்ற வேலை.

புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு அடுத்த மாத முதல் ஞாயிறு மறுபடி முதல் வாரம் தொடங்குகிறது, இன்ஷா அல்லாஹ். பெண்பிள்ளைகளுக்குத் தனி மேஜை போட்டிருக்கிறோம். ஒன்பது வோல்ட் பேட்டரி ஒன்றும் பழைய பல் துலக்கும் பிரஷ் ஒன்றும் கொண்டு வரட்டும். சார்ஜர் எதுவும் கொண்டு வர வேண்டாம். கூட வரும் உம்மாமார்களுக்கு வாசலருகே ஸ்டூல் இருக்கிறது.